அந்தச் சூடு எங்கே போகிறது?

எமது பாடசாலை வாயிலில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ஒரு மாணவி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பங்குனி மாதத்து நண்பகல். நாவலப்பிட்டி மழைக்குப் பெயர்போன ஊர்தான்; ஆயினும் பங்குனியில் அதன் வெயிலும் சுடத்தான் செய்கிறது. நாம் ஆசிரியர் நால்வர். கினிகத்தேனைப் பக்கமாக மேலேறும் பாதையில், ஒரு தோட்டப் பாடசாலைக்குப் பழைய சிறிய கார் ஒன்றில் சேர்ந்து போய் வருபவர்கள். அன்று மூவர் ஏறி அமர்ந்துவிட்டோம். நாலாமவர் ஏதோ பத்திரத்தில் கையெழுத்திட அலுவலகத்துக்குள் போயிருந்தார். அவர் வரும் வரையில் எஞ்சினை நிறுத்தாமல், கண்ணாடிகளை உயர்த்திவிட்டு, குளிரூட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டு உள்ளே இருந்தோம். காருக்குப் பக்கத்தில், கூரையில்லாத பஸ் தரிப்பிடத்தில், லயன்களுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வெயிலில் நின்றனர். நாம் அவர்களைப் பார்த்தோம்; ஆனால் அவர்கள் நிற்பதில் எமக்கு ஏதேனும் தொடர்பு உண்டென்று எண்ணவில்லை.

மறுநாள் எமது விஞ்ஞான பாட வேளை. சக்தி அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுகிறது என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"சேர், நேத்து உங்க கார் பக்கத்துல நின்னோம். உள்ளுக்கு நல்ல குளிராம். ஆனா வண்டிக்கு அடியில இருந்து எங்க காலுக்குச் சூடா காத்து அடிச்சிச்சு. உள்ள இருந்த சூடுதான் எங்க மேல வந்திச்சா, சேர்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, குற்றஞ்சாட்டவும் இல்லை. பாடத்தை விளங்கிக்கொண்ட ஒரு பிள்ளை, அதைத் தான் கண்ட ஒன்றோடு பொருத்திப் பார்த்தாள், அவ்வளவே. "ஆம்" என்று பதில் சொன்னோம். அந்த "ஆம்" பாதிப் பதில்தான் என்பதும், மீதிப் பாதியைச் சொல்ல எமக்கு நா எழவில்லை என்பதும் அன்றே எமக்குத் தெரியும். அந்த மீதியைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் குறைந்த நிலையையே குளிர் என்கிறோம். ஆகவே காரிலுள்ள குளிரூட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து அள்ளி இன்னோரிடத்தில் கொட்டுகிறது. ஆசனங்களுக்கு முன்னால், பலகைக்குப் பின்னே மறைந்திருக்கும் குழாய்களில் ஒரு திரவம் ஆவியாகிறது. ஆவியாகும்போது அது உள்ளேயுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கராஜ்காரர்கள் 'கொம்பிரசர்' என்று சொல்லும் அமுக்கி நெருக்கி, வண்டியின் முன்புறத்தில் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் தகட்டுக் கூட்டுக்குள் செலுத்துகிறது. அங்கே அது மீண்டும் திரவமாகிறது. சுமந்து வந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிடுகிறது. பிள்ளைகளின் கால்களில் அடித்தது அந்தக் காற்றுத்தான்.

ஆனால் அது மட்டுமல்ல. அமுக்கி தானாகச் சுழல்வதில்லை. சாதாரணப் பெற்றோல் காரில் அதனை ஒரு பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட்டை எஞ்சின் சுழற்றுகிறது. எஞ்சினைப் பெற்றோல் சுழற்றுகிறது. பெற்றோலில் உள்ள சக்தியில் ஏறத்தாழக் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு வரையே வேலையாகிறது. எஞ்சிய யாவும் ரேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் சூடாக வெளியேறுகிறது. எனவே உள்ளிருந்து ஒரு பங்கு வெப்பத்தை அகற்றுவதற்காக, வெளியே நிற்பவர்மீது அதனிலும் பெரிய பங்கு வெப்பத்தைக் கொட்டுகிறோம். அத்தோடு எரியும் ஒவ்வொரு லீற்றர் பெற்றோலுக்கும் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானத்தில் சேர்கிறது. அந்தப் பிள்ளை கேட்டதைவிட உண்மை கொடியதாகவே இருக்கிறது: உள்ளே இருந்த சூடு மட்டும் வரவில்லையம்மா, அதனோடு வேறு சூடும் வந்தது.

குளிர்ச்சியை ஒருவர் அனுபவிக்க, அதற்கான வெக்கையை இன்னொருவர் சுமப்பது எமது நாட்டுக்குப் புதிதன்று. வெள்ளைக்காரர் ஆட்சியில் துரைமாரின் கூடங்களிலும் கச்சேரிகளிலும் கூரையிலிருந்து பெரிய துணி விசிறி தொங்கும். அதன் கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். வெளித் திண்ணையில் ஒருவன் குந்தியிருந்து அதை இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே காற்று, வெளியே வியர்வை. சமவெளி வெக்கையைத் தாங்க முடியாதபோது துரைமார் குளிர் தேடி நுவரெலியாவுக்கு ஏறினார்கள். ஏறிய பாதையை வெட்டியவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் யாவர் என்று மலையகத்தவர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1874 இல் புகையிரதம் நாவலப்பிட்டியை அடைந்தது. 1885 இல் நானுஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கோப்பியும் தேயிலையும் கீழே இறங்க, கனவான்கள் மேலே ஏறினார்கள். அமெரிக்காவில் 1939 இல் பக்கார்ட் கம்பனி காரிலேயே குளிரூட்டியைப் பொருத்தி விற்க முன்வந்தது. அதன் பின்னர் விசிறிக் கயிற்றை இழுக்க ஆள் தேவைப்படவில்லை. பெற்றோல் இழுத்தது. இழுப்பவன் கண்ணுக்குத் தெரியாமற் போனான். ஆனால் இல்லாமற் போகவில்லை.

இதையெல்லாம் நாம் ஏதோ தத்துவம் படித்து உணர்ந்தோமல்லோம். பஞ்சமே எமக்கு ஆசானாயிற்று. 2022 ஆம் ஆண்டை எவர் மறப்பார்? அவ்வாண்டு யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, நெடிய போராட்டத்தின் பின்னர், தோட்டத் தொழிலாளிக்கு வர்த்தமானி மூலம் உறுதியான நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு தாய் நாள் முழுதும் மலையில் நின்று கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் பெற்றோலுக்குக் கூலி கிடைக்கும் என்பது கணக்கு. குளிரூட்டியுடன் நின்ற இடத்திலேயே ஓடும் சிறிய கார் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரைக் குடித்துவிடக்கூடும். நண்பர் கையெழுத்திட்டு வரும்வரை அரை மணி நேரம் குளிரில் அமர்ந்திருந்தோமானால், அவளுடைய கால் நாட் கூலியை வாயிலில் நின்றே புகையாக்கினோம் என்று பொருள்.

அந்த நாட்களில் பெற்றோல் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. வரிசை நகரும்போதெல்லாம் எஞ்சினை இயக்காமல், முன்பின் அறியாத சிங்கள, முஸ்லிம், தமிழ் நண்பர்கள் ஒருவர் காரை ஒருவர் கையாலே தள்ளிக் கொடுத்தோம். ஓகஸ்ட் மாதம் முதல் நாடெங்கும் கியூ.ஆர். அட்டை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5. மோட்டார் சைக்கிளுக்கு 4. ஓட்டினால்தான் அன்றைய சோறு என்றிருந்த முச்சக்கர வண்டிக்காரனுக்கு ஐந்து லீற்றர், எமக்கு இருபது! அந்த இருபதையும் போதவில்லை என்று முனகிய எம்மை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த இருபது லீற்றரில் நால்வரும் வாரம் முழுதும் மலையேறி இறங்க வேண்டியிருந்ததால், காரின் ஒவ்வொரு பழக்கத்தையும் புதிதாகப் பார்க்கத் தொடங்கினோம். முதலில் குளிரூட்டியை அடியோடு நிறுத்தினோம். எரிபொருள் முள் இறங்கும் வேகம் தணிந்தது. எண்ணூறு, அறுநூற்றறுபது கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட சிறிய கார்களை மலைப்பாதையில் ஓட்டியவர் எவர்க்கும் இது தெரிந்ததே: ஏற்றத்தில் குளிரூட்டியை நிறுத்தினால், கட்டிப்போட்டிருந்த கயிற்றை அறுத்துவிட்டாற்போல வண்டி முன்னே துள்ளும். எஞ்சின் எவ்வளவு சுமையை ஒளித்துச் சுமந்துகொண்டிருந்தது என்பது அந்தத் துள்ளலில் விளங்கும்.

பின்னர், முற்றாக நிறுத்துவதும் அறிவுடைமையன்று என்று மழை எமக்குக் கற்பித்தது. எமது பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே மிகுமழை பெய்யும் இடங்களுள் ஒன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நான்கு பேர் மூச்சுவிடும் காருக்குள் முன்கண்ணாடி நொடியில் மூடுபனி படிந்துவிடும். துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிய ஒரு மாலையில், வளைவில் குடையின்றி நடந்து வந்த ஒருவரை மயிரிழையில் தவிர்த்தோம். கை நடுக்கம் அடங்க நேரமாயிற்று. குளிரூட்டி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் பிழிந்துவிடுகிறது. ஆகையால் கண்ணாடி தெளிகிறது. அந்த நேரத்தில் அதை இயக்குவது ஆடம்பரமன்று; பாதையில் நடப்பவரின் உயிருக்குச் செய்யும் காவல். கண்ணாடி தெளிந்ததும் நிறுத்திவிடலாம். சிக்கனம் என்பது வேண்டிய இடத்தில் மறுப்பதல்ல, வேண்டாத இடத்தை அறிவதே என்று அன்று முதல் கொண்டோம்.

வேண்டாத இடங்கள் எத்தனை இருந்தன! வெயிலில் நிறுத்திய கார் அடுப்பாகிவிடுகிறது. கண்ணாடி வழியே உள்ளே புகும் ஒளி வெப்பமாகி, வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. அந்நிலையில் ஏறியதும் குளிரூட்டியைப் போட்டால், அது முதலில் அந்த அடுப்போடு போராட வேண்டும். நான்கு கதவுகளையும் ஒரு நிமிடம் திறந்து வைத்து, கண்ணாடிகளை இறக்கியபடி சிறிது தூரம் ஓட்டினால், பெரும்பகுதிச் சூட்டைச் செலவின்றியே காற்று கொண்டுபோய்விடும். அதைவிட நன்று நிழலில் நிறுத்துவது. பாடசாலைக்குப் பின்னாலிருந்த பெரிய மரத்தடிக்குக் காரை மாற்றினோம். நூறு அடி கூடுதலாக நடக்க நேர்ந்தது, அவ்வளவே. காரின் நிறங்கூடக் கணக்கில் வருகிறது. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே வகைக் கார்களுள் கறுப்பு நிறத்ததையும் வெள்ளி நிறத்ததையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, வெள்ளி நிறக் காரின் உட்காற்று ஐந்தாறு பாகை குறைவாகவே சூடேறியிருந்தது. வெயில் நாட்டில் கறுப்புக் காரைக் கௌரவமாகக் கருதும் எமது பெரிய மனிதர்கள் இதைக் கேட்க வேண்டும்.

நகரத்துக்குள்ளும் மலைப்பாதையிலும் மெதுவாக ஓடும்போது கண்ணாடியை இறக்கிவிடுவதே சிக்கனம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ, திறந்த கண்ணாடியில் காற்று மோதி வண்டியைப் பின்னிழுக்கும். அங்கே அளவோடு குளிரூட்டியை இயக்குவது பெரிய நட்டமன்று. உள்ளே ஒருமுறை குளிர்ந்த பின்னர் வெளிக்காற்றை எடுக்காமல் உட்காற்றையே சுழலவிட்டால் அமுக்கியின் வேலை குறையும். நடுக்கமெடுக்கும் அளவுக்குக் குளிர வைத்துக்கொண்டு, சால்வையைப் போர்த்துவானேன்? எல்லாவற்றிலும் மேலானது, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடாதிருத்தல். பாடசாலை விடும் நேரத்தில் கண்டி வீதிகளைப் பார்த்தவர்க்கு விளக்கம் வேண்டாம். பிள்ளைகளை ஏற்ற வந்த வான்களும் கார்களும் வரிசையாய் நின்று, கண்ணாடி மூடி, எஞ்சின் உறும நிற்கின்றன. கண்டி மலைகள் சூழ்ந்த கிண்ணம். அதன் புகை எளிதில் வெளியேறாது. புகை தாங்காமல் கண்ணாடியை மூடுகிறோம். மூடியதால் குளிரூட்டியைப் போடுகிறோம். போட்டதால் புகை கூடுகிறது. கூடியதால் இன்னும் இறுக மூடுகிறோம். மூடிக்கொள்ளக் கண்ணாடி இல்லாதவர் நடைபாதையில் நின்று அதைச் சுவாசிக்கின்றனர்.

2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி அந்த அட்டை முறை நிறுத்தப்பட்டது. உண்மையை ஒளியாமல் சொல்வதானால், நாமும் அத்தோடு கற்றவற்றை ஒவ்வொன்றாக மறந்தோம். மரத்தடி தூரமாகத் தோன்றியது. நண்பருக்காகக் காத்திருக்கும் வேளையில் எஞ்சினை நிறுத்துவது தேவையற்ற கஞ்சத்தனமாகத் தோன்றியது. பஞ்சத்தில் பழகிய ஒழுக்கம் பஞ்சம் தணிந்ததும் கரைந்துபோனது. ஏனெனில் நாம் எமது பணத்தை மிச்சப்படுத்தத்தான் பழகியிருந்தோமே தவிர, பிறர் மேல் கொட்டும் சூட்டைக் குறைக்கப் பழகவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வி எமது சட்டைப் பையைப் பற்றியதன்று. அவளுடைய கால்களைப் பற்றியது. அதனால்தான் அது எம்மை விடவில்லை.

அக்கேள்வி எழுந்த சில வாரங்களில் எமது குளிரூட்டி குளிர் குறைந்து வந்தது. "காஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சாச் சரி" என்றார் ஒரு கராஜில். அங்கு வேலை பழகும் ஒரு பையன், பதினெட்டு வயதுக்கு மேலிராது, ஒரு வாயிலைத் திருகினான். பாம்பு சீறுவது போலோர் ஓசை. மிஞ்சியிருந்த பழைய வாயு முழுவதும் அவன் முகத்துக்கு நேரே காற்றிற் கலந்தது. பின்னர் புதிய வாயுவை நிரப்பினான். எங்கே ஒழுகுகிறது என்று எவரும் தேடவில்லை, நாமும் கேட்கவில்லை. மீண்டும் குளிர்ந்தது, பணம் கொடுத்தோம், வந்துவிட்டோம்.

அந்தச் சீற்றத்தின் பொருளை அன்றிரவுதான் கணக்கிட்டுப் பார்த்தோம். அதற்கு அந்த வாயுவின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். முன்னாளில் கார்களில் ஆர்-12 என்னும் வாயு பயன்பட்டது. நஞ்சில்லாதது, தீப்பற்றாதது என்று உலகம் அதைக் கொண்டாடியது. 1974 இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், இவ்வகை வாயுக்கள் மேலே சென்று ஓசோன் படையை அழிக்கும் என்று எழுதினர். கம்பனிகள் மறுத்தன. 1985 இல் அந்தாட்டிக்கா வானில் ஓசோன் குழி பற்றிய செய்தி வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. அதன் பயனாக ஆர்-12 ஒழிந்து ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைத் தின்னாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டினும் 1,300 மடங்குக்குக் குறையாத வலிமை உடையது. ஆகவே 2016 இல் கிகாலியில் அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டு, இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்பின. 2018 இல் இலங்கையும் அத்திருத்தத்தை ஏற்றது. ஐரோப்பாவில் 2017 முதல் எந்தப் புதிய காரிலும் ஆர்-134ஏ கூடாது. எமது தெருக்களில் ஓடும் பழைய வண்டிகளிலோ இன்னும் பெரும்பாலும் அதுவே.

ஒரு சிறிய காரில் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் வாயு இருக்கும். 1,300 மடங்கு என்றே கொண்டாலும் அது 650 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 2.3 கிலோகிராம் என்று வகுத்தால் ஏறக்குறைய 280 லீற்றர். வாரம் 20 லீற்றராக நாம் உயிரைப் போல் காத்த அந்தப் பங்கீட்டில் அது பதினான்கு வாரம்! மூன்று மாதத்துக்கு மேலாக வரிசையில் நின்று, காரைத் தள்ளி, வியர்த்து, மிச்சம் பிடித்தது என்ன? முழுதாக நிறைந்த ஒரு காரின் வாயுவைத் திறந்துவிட்டால் ஒரே சீற்றத்தில் அத்தனையும் ஈடாகிவிடும். எம் காரில் அப்போது வாயு குறைந்திருந்தது உண்மை. ஆனால் குறைந்த பங்கு எங்கே போயிற்று? அதுவும் முன்னரே ஒழுகி அதே வானத்துக்குத்தான் போயிருந்தது.

இதில் அந்தப் பையன்மேல் குற்றமில்லை. வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரங்கள் உள்ளன. அவை விலை கூடியவை. தெருவோரக் கராஜ்காரர் அதை வாங்க எவர் கடன் கொடுப்பார்? அதைக் கேட்கும் வாடிக்கையாளரும் இல்லை. கட்டாயப்படுத்தும் பரிசோதனையும் இல்லை. ஆண்டுதோறும் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அது புகைக்குழாயைப் பார்க்கிறது. வாயு ஒழுகும் குழாயைப் பார்ப்பதில்லை. நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குளிர் குறைந்தால் "காஸ் அடியுங்கள்" என்று சொல்லாமல் "ஒழுக்கைத் தேடி அடையுங்கள்" என்று சொல்லலாம். வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள இடத்தைத் தேடிப் போகலாம். கேட்பவர் பெருகினால் இயந்திரமும் வரும். ஆனால் கேட்பதோடு நின்றுவிடாமல், சிறு கராஜ்களுக்கு அவ்வியந்திரமும் பயிற்சியும் கிடைக்க அரசு உதவ வேண்டுமென்று குரலெழுப்புவதும் எமது கடமை.

"ஒரு காரில் நால்வர் குளிரூட்டியை நிறுத்தினால் உலகம் குளிர்ந்துவிடுமா?" என்று சில நண்பர்கள் நகைப்பர். நியாயமான கேள்விதான். சர்வதேச எரிசக்தி முகமை 2019 இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் கார்கள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ 6 வீதம் குளிரூட்டலுக்கே போகிறது என்று கணக்கிட்டது. குளிர் நாடுகளில் அது 3 வீதம். வெப்ப நாடுகளில் 20 வீதம் வரை. வெக்கையும் நெரிசலும் சேர்ந்த இடங்களில் 40 வீதத்தையும் தாண்டலாம். ஆகவே இது அற்ப விடயமன்று. அதிலும் எம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலேயே இதன் பாரம் அதிகம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதல் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. வரும் ஒவ்வொரு காரும் தன் குளிரூட்டியோடுதான் வருகிறது. எத்தகைய வாயுவோடு வருகிறது என்று கேட்க வேண்டியது அரசு.

ஆயினும் அந்த நண்பர்களின் கேள்வியில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறோம். தனி மனிதனின் ஒழுக்கம் மட்டும் போதாது. மிகச் சிறந்த சிக்கனம், காரே தேவைப்படாத பயணம். 1958 ஜனவரி முதலாம் திகதி இந்நாட்டில் பஸ் சேவை மக்களுடைமையாயிற்று. முதலாளியின் இலாபத்துக்காகவன்றி மக்களின் தேவைக்காக பஸ் ஓடவேண்டுமென்ற இலட்சியம் அதன் பின்னே இருந்தது. அந்த இலட்சியம் நிறைவேறியிருந்தால், எமது பாடசாலைப் பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. நாமும் ஒரு காரில் நால்வராக நெருங்க வேண்டியதில்லை. நாவலப்பிட்டி நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியொன்றில் ஏறிப் பாருங்கள். கண்ணாடிகள் திறந்திருக்கும், கதவோரத்தில் காற்று வரும், பெட்டி நிறைய மக்கள். அத்தனை பேரும் தனித்தனிக் கார்களில் போயிருந்தால் எத்தனை எஞ்சின்கள், எத்தனை அமுக்கிகள்! நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் முதியோர்க்கும் குளிர்ச்சி வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. வெக்கை கூடக்கூட அது உயிர் காக்கும் பொருளாகவும் ஆகலாம். அப்படியானால் அது பணமுள்ளவரின் காருக்குள் மட்டும் இருந்தால் போதுமா? பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கூரை, பாதையோரத்துக்கு ஒரு நிழல் மரம், தகரக் கூரையின் கீழ் வேகும் லயன் அறைக்கு மாற்றாக ஒரு வீடு: குளிர்ச்சியைப் பற்றிய பேச்சு இவற்றிலிருந்தன்றோ தொடங்க வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுபட்டது. ஒரு புயலை ஒரு காரணத்தோடு மட்டும் முடிச்சுப்போடுவது விஞ்ஞானமாகாது. ஆனால் கடல் சூடேறினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதும், அதிக ஈரம் சுமந்த காற்று அதிக மழையைக் கொட்டும் என்பதும் விஞ்ஞானமே. காடழித்துத் தேயிலை நட்ட சரிவுகளில், நூற்றாண்டு கடந்த லயன்களில் வாழ்வோர் மேல் அந்த மழை விழுகிறது. அவர்களுள் எத்தனை பேர் குளிரூட்டிய கார் ஒன்றில் ஒரு மைல் தூரமேனும் போயிருப்பார்கள்? குளிரை அனுபவித்தவர் ஒருவர். கணக்கைத் தீர்ப்பவர் வேறொருவர். விசிறிக் கயிறு இன்னும் அறுபடவில்லை. நீண்டு மட்டும் போயிருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் மீதிப் பதிலைச் சொல்ல எமக்குப் பல நாட்கள் பிடித்தன. சொல்வதைவிடக் காட்டுவது நன்று என்று முடிவு செய்தோம். ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுவந்தோம். காரைச் சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு, ஒன்றை உள்ளே குளிர்காற்று வரும் துளையிலும், மற்றொன்றை முன்புறத் தகட்டின் பின்னே சூடு வரும் பக்கமும் பிடிக்கச் சொன்னோம். பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தனர். உள்ளே இரசம் இறங்கியது, வெளியே ஏறியது. கேள்வி கேட்ட பிள்ளை இரண்டு எண்களையும் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப வண்டிய நிப்பாட்டுங்க சேர், பாத்து முடிஞ்சிருச்சு" என்றாள்.

நிறுத்தினோம். அன்று மாலை நாலாமவருக்காகக் காத்திருக்க நேர்ந்தபோது, மூவரும் காரைவிட்டு இறங்கி, மரத்தடியில் பிள்ளைகளோடு நின்றோம். பஸ் அன்றும் தாமதித்தே வந்தது. அந்தத் தரிப்பிடத்துக்கு ஒரு கூரை கேட்டு எழுதிய மனுவில், பெற்றோரோடு சேர்ந்து நாம் நால்வரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை, மீண்டும் எழுதுவோம். ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். உங்கள் பாடசாலை வாயிலிலும் எஞ்சின் ஓட நிற்கும் ஒரு வண்டி இருக்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.